அவள் விரல் பதிந்த கன்னம்

உங்கள் பிள்ளை உங்கள் முகத்தை மெழுகுக் களிமண்ணில் செய்து வைத்துவிட்டு ஒருநாள் வீடு திரும்பாமலே போய்விட்டால், அந்த முகத்தில் நீங்கள் யாரைத் தேடுவீர்கள்? உங்களையா, பிள்ளையையா? "என்னைத்தான்" என்று சொல்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உங்களுக்கு வேறு வேலை இருக்கும்.

நான் சொல்லப்போகிற அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் உதவியாளர். இருபத்து மூன்று வருஷமாக அங்கே தரை துடைக்கிறார், படுக்கை விரிக்கிறார், மாவுக்கட்டு போடும்போது காலைத் தூக்கிப் பிடிக்கிறார். நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் பினாயில் அக்கா. அவர் துடைத்த தரையில் உட்கார ஈக்கே கூச்சமாக இருக்கும் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். கையுறை இல்லாமல் அவர் ஒரு காயத்தையும் தொட்டதில்லை. ஒருமுறை பெரிய டாக்டரே வெறுங்கையோடு கட்டைப் பிரிக்கப் போனார். இவர் பக்கத்தில் நின்று மெதுவாக, "சார், கை" என்றார். பெரிய டாக்டர் முறைத்தார். பிறகு போய்க் கை கழுவிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். வார்டில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கணவர், மகளுக்கு நாலு வயதாகும்போது போய்விட்டார். செத்துப்போகவில்லை, வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும்தான். மூன்று மாடி ஏறி, மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒன்றரை அறை. ஒன்றில் படுக்கை. அரையில் அடுப்பும், ஜன்னலை ஒட்டி ஒரு பலகையும். அந்தப் பலகைதான் மகளின் உலகம்.

மகளுக்கு இருபத்தாறு வயதாகியும் அம்மாவுக்கு அவள் பாப்பாதான். துணிக்கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கிற பொம்மைகளைச் செய்யும் பட்டறையில் அவள் வேலை பார்த்தாள். முதலில் மண்ணில் ஒரு தலை செய்ய வேண்டும். அதன்மேல் சிலிகான் பூசி அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சுக்குள் ரெசின் ஊற்றினால் ஒரே முகம் முப்பது, நாற்பது என்று வந்துகொண்டே இருக்கும். மண் தலை செய்வது பாப்பாவின் வேலை. அச்சு எடுப்பது அவளுடைய சிநேகிதி. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு என்பதால் பட்டறையில் அவளுக்கு நெட்டை என்று பெயர். அந்தப் பட்டறையில் மூன்று ஜன்னல்கள், இரண்டு திறக்காது. முகமூடி கிடையாது. கையுறை கேட்டால் முதலாளி, "அத மாட்டினா கைக்கு உணர்ச்சி தெரியாதும்மா, கலைஞனுக்குக் கைதானே எல்லாம்" என்று கலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கையுறை வாங்க மனசில்லாதவர்களுக்குக் கலை மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள்.

வார விடுமுறைகளில் பாப்பா வீட்டில் தன் பலகையில் அம்மாவின் தலையைச் செய்தாள். நிஜத் தலையில் பாதி அளவு, இரண்டு கையால் ஏந்துகிற மாதிரி. பதினோரு வாரம் ஆயிற்று. அம்மா எதிரே தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவார்.

"ஆடாம இரும்மா. ஊர்ல இருக்கறவங்க காலெல்லாம் ஆடாம புடிச்சு வைக்கிற, உன் தலைய உன்னால புடிச்சு வைக்க முடியலையா?"

"மூக்க ஏன்டி இவ்ளோ பெருசா வச்சிருக்க?"

"கடவுள் வச்சத வச்சிருக்கேன். புகார் இருந்தா அங்க குடு."

வழக்கமாக இந்த மண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவார்கள். பாப்பா தேய்க்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி எடுத்ததை அப்படியே விட்டுவிட்டாள். கன்னம், நெற்றி, கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை என்று எங்கே பார்த்தாலும் அவள் விரல் பள்ளங்கள். பள்ளத்துக்குள் ரேகைகள். ஏன் இப்படி அம்மைத் தழும்பு மாதிரி விட்டிருக்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, வழவழப்பாகச் செய்தால் அது கடை பொம்மை, அதை மாசம் முழுக்கச் செய்கிறேன், இது பொம்மை இல்லை என்றாளாம். இடது காது மட்டும் பாக்கி. அடுத்த வாரம் முடித்துவிடலாம் என்றிருந்தாள்.

அடுத்த வாரம் வரவில்லை. பேருந்திலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள், மற்றக் கால் படியில் இருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை நொடி நிற்கலாம் என்று ஒரு குளிர்ந்த அறையில் யாரோ உட்கார்ந்து எழுதிய அட்டவணை இருக்கிறது. அதில் ஒரு பெண் இரண்டு காலையும் தரையில் வைப்பதற்கான நேரம் இல்லை. "விதி" என்று எல்லோரும் சொன்னார்கள். அட்டவணை எழுதியவருக்கு எவ்வளவு வசதியான சொல்.

அம்மா பதினாறு நாள் கழித்து வேலைக்குப் போனார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பலகையின் மேல் போட்டிருந்த துணியை எடுப்பார். தன் முகத்துக்கு எதிரே உட்காருவார். கன்னத்தில் இருந்த ஒரு பெரிய கட்டைவிரல் பள்ளத்துக்கு நேராகத் தன் கட்டைவிரலைக் கொண்டுபோவார். தொடமாட்டார். ஒரு நூல் இடைவெளியில் நிறுத்திவிடுவார். அந்த மண் காயாத மண், எண்ணெயும் மெழுகும் கலந்தது. தொட்டால் அவர் ரேகை பதிந்துவிடும், மகள் ரேகை அழிந்துவிடும்.

அவருடைய தங்கச்சி, அடுத்த தெருவில் தையல் வேலை பார்ப்பவர், அடிக்கடி வந்து போவார். செத்தவர்கள் கையால் செய்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அது அவர்களைப் போகவிடாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "போகவிடாதுன்னா நல்லதுதானே?" என்று அக்கா கேட்டார்.

வெயில் காலம் தொடங்கியதும்தான் பயம் வந்தது. தகரக் கூரைக்கு அடியில் மத்தியானத்தில் எண்ணெய் பாட்டிலைத் தொட்டாலே சுடும். ஒருநாள் துணியை எடுத்தபோது மூக்கு நுனி கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னொரு நாள் நெற்றிப் பள்ளம் ஒன்றின் விளிம்பு மழுங்கியிருந்தது. அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது ஈரத்துணி சுற்றிய பானையைத் தலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். போட்டோ எடுத்து வைத்துக்கொள் என்றார் தங்கச்சி. எடுத்தும் பார்த்தார்கள். போட்டோவில் அம்மா இருந்தார், பள்ளங்கள் வெறும் நிழலாகத் தெரிந்தன.

"என் மூஞ்சி யாருக்கு வேணும்? ஆஸ்பத்திரி அடையாள அட்டையில இருக்கு அது. எனக்கு அவ விரல் வேணும்" என்றார்.

நெட்டைக்குப் போன் போட்டார். அவள் இதற்குள் வேறு ஊரில் வேறு பட்டறைக்குப் போயிருந்தாள். நேரில் வர அவளுக்கு லீவு கிடைக்காது. அதனால் போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். அப்படி ஐம்பத்திரண்டு வயதில், இருபத்தேழு வயதுப் பெண்ணிடம் அந்த அம்மா அச்சு எடுக்கப் படித்தார். நோயாளிகளின் மருந்து நேரம் எழுதுகிற சின்ன நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சிலிகான் இரண்டு டப்பாவில் வரும். இரண்டையும் எடை போட்டுச் சரிபாதி கலக்க வேண்டும், கண்மதிப்பில் ஊற்றக் கூடாது. கலக்கும்போது பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும், ஆனால் அடிக்கக் கூடாது, அடித்தால் காற்றுக் குமிழி வரும். முதல் பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும். ரேகையைப் பிடிப்பது அதுதான். அது பாதி இறுகியதும் அடுத்த பூச்சு, அப்புறம் இன்னும் ஒன்று. சிலிகான் இறுகினாலும் ரப்பர் மாதிரி தொளதொளவென்று இருக்கும், அதனால் மேலே மாவுக்கட்டில் ஒரு ஓடு போட வேண்டும்.

மாவுக்கட்டு என்றதும் அம்மா நிறுத்தச் சொன்னாராம். "அத எனக்கு நீ சொல்லித் தர வேணாம்டி" என்றாராம். பாப்பா போன பிறகு அவர் குரலில் கொஞ்சம் பெருமையைக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நெட்டை சொன்னாள்.

எல்லாம் சொன்ன நெட்டை, கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். நேராகத் தலையில் கைவைக்காதீர்கள், முதலில் சின்னதாக ஒன்று செய்து பாருங்கள், இந்த சிலிகான் சில மண்ணோடு சண்டை போடும். சரியான எச்சரிக்கை. நல்ல வேலைக்காரி அவள்.

சிலிகானும் ரெசினும் விற்கிற கடை, பெயிண்ட் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் கடைசியில் இருந்தது. கடைக்காரர் டப்பாக்களை எடுத்து வைத்தார், பையில் போட்டுக் கொடுத்தார். இதை வாங்குகிறவர்கள் வழக்கமாகப் பட்டறை ஆட்கள். ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஒரு பெண் வந்து வாங்குவது அவருக்கே புதுசாகத்தான் இருந்திருக்கும். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. டப்பாவைச் சுற்றி நான்கு மொழியில் எழுதியிருந்தது. அம்மாவுக்குத் தெரிந்த மொழி அதில் இல்லை.

வார விடுமுறையில் காலையிலேயே தொடங்கினார். பாப்பா மீதம் வைத்திருந்த மண்ணில் எலுமிச்சை அளவு உருண்டை செய்து, அதில் தன் கட்டைவிரலை அழுத்தினார். அட்டையில் ஒரு பெட்டி மடித்து, அடியில் உருண்டையை ஒட்டி, சமையலறைத் தராசில் அளந்து கலந்து, ஒரு மூலையிலிருந்து நூல் மாதிரி ஊற்றினார். மாலையில் அட்டையைப் பிரித்தபோது சிலிகான் கெட்டியாக, ஒட்டாமல், பிசுக்கு இல்லாமல் வந்தது. மண்ணை எடுத்துவிட்டு அந்தக் குழிக்குள் ரெசின் கலந்து ஊற்றினார். பத்து நிமிஷத்தில் அது வெளுத்தது, சூடானது, கல்லானது. வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு கோடாக இருந்தது. நடுவிலிருந்த சுழிகூட இருந்தது. சின்ன வயதில் அரிவாள்மனை கீறிய தழும்பு குறுக்கே ஓடியது.

அவர் சிரித்தார் என்று தங்கச்சி சொல்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு, திருடியவர் மாதிரி சிரித்தார். "வருதுடி. அப்படியே வருது."

ஆனால் கையெல்லாம் ரெசின். அரிப்பு எடுத்தது, சோப்புப் போட்டும் போகவில்லை. இருபத்து மூன்று வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே வெறுங்கையோடு இறங்கிவிட்டேனே என்று தன்னைத் திட்டிக்கொண்டார். சிலிகான் டப்பாவையும் எடுத்துப் பார்த்தார். எழுத்து புரியாவிட்டாலும் படம் புரியுமே. ஒரு கை, அதன்மேல் கையுறை, பக்கத்தில் ஒரு டிக் குறி. படத்துக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி.

அடுத்த வார விடுமுறைக்கு முன்னால், ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் கையுறை வாங்கினார். வார்டில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஒரு ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அவருக்கு அது வராது. காசு கொடுத்து, வார்டில் தினமும் போடுகிற அதே வெள்ளை ரப்பர் கையுறையை வாங்கினார்.

அரிப்புக்குப் பயந்து மட்டும் வாங்கவில்லை. உண்மையான காரணத்தை அவர் தங்கச்சியிடம் சொன்னார். தலையைத் தூக்கித் திருப்ப வேண்டியிருக்கும். எங்காவது தன் விரல் பட்டுவிட்டால் அதுவும் பதிந்துவிடும். பிறகு எது அவளுடையது, எது என்னுடையது என்று யார் சொல்வது?

அன்று காலை பத்து மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், ஆரம்பித்தார். கையுறை மாட்டினார். தலையை இரண்டு கையாலும் அடியில் பிடித்துத் தூக்கினார். ஆறு மாசத்தில் முதல்முறையாக அதைத் தொட்டார். துணி நூல் எங்கேயாவது ஒட்டியிருந்தால் எடுத்தார். கலந்த சிலிகானைத் தூரிகையால் பூசத் தொடங்கியவர், கன்னத்துக்கு வந்ததும் நிறுத்தினார். தூரிகை முடி ரேகையைக் கீறிவிடுமோ என்று பயம். தூரிகையை வைத்துவிட்டு விரல் நுனியால் தொட்டுத் தொட்டு ஒற்றினார். கன்னத்தின் பெரிய பள்ளத்தில், நெற்றியில், கண்ணுக்குக் கீழே, எங்கெல்லாம் மகளின் விரல் பதிந்திருந்ததோ அங்கெல்லாம் தன் கையுறை விரலால் மெதுவாக, உள்ளே போகும்படி ஒற்றினார். பின்னந்தலை, கழுத்து, தாடைக்கு அடியில் எல்லாம் தூரிகைதான். அங்கே அவ்வளவு கவனம் தேவைப்படவில்லை.

நான் இந்த இடத்தில் நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எங்கே அன்பு அதிகமோ அங்கே கை அதிகம் பட்டது. இதை வாசிக்கிறவர்களில் வேதியியல் படித்தவர்கள் இருந்தால் என்ன நடக்கப்போகிறது என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று பூச்சு முடிந்து, மேலே மாவுக்கட்டு ஓடு போட்டார். முன்னும் பின்னுமாக இரண்டு பாதி. எந்த எலும்பு டாக்டரும் பார்த்துப் பொறாமைப்படுகிற மாதிரி சீராக இருந்தது. அதை இன்றும் பார்க்கலாம்.

மறுநாள் ஓட்டைப் பிரித்தார். பின்பக்கம் சிலிகான் அருமையாக இறுகியிருந்தது. நெட்டை சொல்லியபடி பின்னந்தலையில் ஒரு நேர்கோடு கீறி மெல்ல விலக்கினார். கழுத்து விடுபட்டது. தாடை விடுபட்டது. கன்னத்துக்கு வந்ததும் ஜவ்வு மாதிரி இழுத்தது. விரலில் ஒட்டியது. உள்ளே இன்னும் பச்சையாக, தேன் மாதிரி பிசுபிசுவென்று இருந்தது.

இன்னும் நேரம் வேண்டும்போல என்று நினைத்து மூடி வைத்தார். இரண்டாம் நாள் பார்த்தார். மூன்றாம் நாள். காயம் ஆறுகிறதா என்று கட்டைப் பிரித்துப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு மாலையும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். எட்டு நாள் ஆகியும் அது அப்படியே இருந்தது. வெளியே வெயில் தீயாக எரிந்தது, உள்ளே மண் இளகிக்கொண்டிருந்தது.

தங்கச்சி வாசலில் நின்றபடியே சொன்னார்: "அக்கா, அவளுக்கே இஷ்டமில்லக்கா. கழுத்தெல்லாம் வந்திருக்கு, தலைமுடி வந்திருக்கு. அவ கை வச்ச இடம் மட்டும் வரல. இதுக்கு மேல என்ன வேணும்? அவள விட்ரு."

அந்த வார்த்தை அம்மாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளை, செத்த பிறகு தன்மேல் முகம் திருப்பிக்கொண்டது என்று அந்த ஒரு வாரம் அவர் நம்பினார். என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்தார். விபத்து நடந்த அன்றைக்குக் காலையில் மகள் கிளம்பும்போது, குடை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கத்தினாரே, அதுவா? வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் போன வருஷம் சொன்னபோது இன்னும் ஆறு மாசம் பார் என்றாரே, அதுவா? மகளை இழந்தவரை உட்கார வைத்துக் கணக்குத் தீர்ப்பதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட மாதிரி இருக்கிறது இந்த நம்பிக்கை. செத்துப்போன பெண்ணை இவர்கள் கொடுமைக்காரியாக்கினார்கள், உயிரோடு இருந்த அம்மாவைக் குற்றவாளியாக்கினார்கள். எல்லாம் ஆறுதல் என்ற பெயரில்.

ஒன்பதாம் நாள் வேறு வழியில்லாமல் அச்சை உரித்தார். இறுகாத சிலிகான் பிசின் கன்னத்தில் பாதியும் அச்சில் பாதியுமாகப் பிய்ந்தது. மண்மேல் ஒட்டியதை எடுக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பஞ்சை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து, காயம் துடைப்பது போல உள்ளிருந்து வெளியே, வட்டமாக, அழுத்தாமல் துடைத்தார். இளகிய மண் பஞ்சோடு வந்தது. துடைத்து முடித்தபோது கன்னம் வழவழவென்று இருந்தது, கடை பொம்மை மாதிரி.

அப்போதும் அவர் நிறுத்தவில்லை. அச்சின் உள்ளே ஒட்டியிருந்த பிசினை வழித்துவிட்டு, ஓட்டைக் கட்டி, ரெசினை ஊற்றிச் சுழற்றினார். வெளியே ஒரு தலை வந்தது. கழுத்துக் கோடு, கொண்டையின் ஒவ்வொரு மயிரிழை, முடிக்காமல் விட்ட இடது காதின் மொட்டை, எல்லாம் கச்சிதம். முகத்தில் மட்டும் யாரோ சோப்புக் குழைத்து அப்பிய மாதிரி இருந்தது. ஆனாலும் அது அவர்தான் என்று தெரிந்தது. அந்த மூக்கு பொய் சொல்லாது.

தங்கச்சியிடம் காட்டினார். "என் மூஞ்சி வந்திருக்கு, பாரு. அவ வரல."

எலுமிச்சை அளவு வெள்ளை உருண்டை பலகையின் ஓரத்தில் கிடந்தது. அந்த வீட்டில் துல்லியமாகப் பதிந்திருந்த ஒரே ரேகை அதில்தான் இருந்தது, அவருடைய ரேகை.

படம் எடுத்து நெட்டைக்கு அனுப்பினார். அவள் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டாள். எடை சரியா? சரி. கலக்கியது? சரி. அதே மண்ணா? அதே மண். அவளுக்கு விளங்கவில்லை. கையில் என்ன போட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ஆறு வருஷம் இந்த வேலை செய்தவளுக்கு, கையில் ஏதாவது போடலாம் என்பதே தோன்றவில்லை. கொடுத்தால்தானே தோன்றும். பழைய முதலாளி கலையைப் பற்றிப் பேசி மிச்சம் பிடித்த கையுறைகள், ஒரு வரி அறிவையும் சேர்த்து மிச்சம் பிடித்துவிட்டன.

அம்மா அச்சைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், பிசுபிசுத்த இடத்தில் நகத்தை வைத்தார்.

"ரப்பர் கையுறை போட்டீங்களா?"

"ஆமா."

"அதான். அந்தக் கையுறை பட்டா இது இறுகாது. நைட்ரைல் கையுறைன்னு தனியா இருக்கு, அதத்தான் போடணும். எழுதியிருக்கே."

"எங்க?"

அவர் ஒரு சிலிகான் டப்பாவை எடுத்துத் திருப்பி, கையுறைப் படத்துக்குக் கீழே இருந்த எறும்பு வரியைக் காட்டினார்.

அம்மா அந்த வரிமேல் விரலை வைத்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"நான் வாங்கும்போது சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். ஏன் என்றும் விளக்கினார். இந்த சிலிகானை இறுக வைப்பது அதில் துளியூண்டு கலந்திருக்கிற பிளாட்டினம். ரப்பர் பாலில் செய்கிற கையுறையில் கந்தகம் இருக்கும். கந்தகம் பட்டால் பிளாட்டினம் செத்துவிடும். பட்ட இடத்தில் மட்டும் இறுகாது, மற்ற இடமெல்லாம் இறுகும். அவ்வளவுதான். கந்தகத்துக்கு ஆத்மாவைத் தெரியாது. கோபம், இஷ்டம், பாவம் எதுவும் தெரியாது. எந்தக் கை தாயின் கை என்றும் தெரியாது.

"அப்போ அவ கோவம் இல்லையா?" என்று அம்மா கேட்டார்.

கடைக்காரருக்கு யார் என்று புரியவில்லை. "யாரு கோவம்?" என்றார்.

அங்கேதான் அம்மா அழுதார். ஆறு மாசமாகத் தேக்கி வைத்ததை எல்லாம், பெயிண்ட் டின்களுக்கு நடுவே, ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மகள் தன்மேல் கோபமாக இல்லை என்று தெரிந்த நிமிஷத்திலேயே, அந்த ரேகையைத் தன் கையாலேயே அழித்தோம் என்றும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டியிருந்தது.

எனக்கு இங்கேதான் ஆத்திரம். படத்தைப் பாருங்கள்: கையுறை போடு என்கிறது. எழுத்தைப் படியுங்கள்: இந்தக் கையுறையைப் போடாதே என்கிறது. அதாவது படிக்கத் தெரிந்தவனுக்கு முழு உண்மை, தெரியாதவளுக்குப் பாதி. பாதி உண்மையை நம்பி நடந்ததுதான் அவர் செய்த தவறு. அவர் அலட்சியமாக இருந்திருந்தால், சுத்தம் பார்க்காதவராக இருந்திருந்தால், வெறுங்கையோடு அள்ளிப் பூசியிருந்தால், அரிப்பு வந்திருக்கும், கொப்புளம்கூட வந்திருக்கும், ரேகை பிழைத்திருக்கும். எடுத்துக்கொண்ட ஒவ்வொரு அக்கறைக்கும் அவருக்குத் தண்டனை கிடைத்தது. நான்கு மொழியில் அச்சடிக்கத் தெரிந்த கம்பெனிக்கு ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்க என்ன கேடு? விற்கிறவர் டப்பாவைப் பையில் போடுகிற நேரத்தில் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல என்ன கேடு? "எல்லாருக்கும் தெரிஞ்சது" என்று யார் சொன்னாலும் அந்த 'எல்லாரும்' யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் பினாயில் அக்கா இல்லை. நெட்டை இல்லை. இந்தப் பொருளோடு நாள் முழுக்கக் கிடக்கிறவர்களில் பலரும் அதில் இல்லை.

அழுது முடித்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரிடம் பேனா கேட்டார். பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளும் கேட்டார். மருந்து நேரம் எழுதிப் பழகிய பெரிய எழுத்தில் எழுதி, டப்பா மேல் ஒட்டச் சொன்னார். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார். இப்படி ஒட்டினால் வாங்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்றார். பயப்பட்டால் கேட்பார்கள், கேட்டால் நீங்கள் சொல்லுங்கள் என்றார் இவர். தாள் இப்போது அந்தக் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. டப்பாவில் ஒட்டப்படவில்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனார். அவர் கையுறை மாட்டும்போது ஒரு நிமிஷம் நின்று அதைப் பார்ப்பதாக நர்ஸுகள் சொல்கிறார்கள். மண் தலையை அவர் வைத்திருக்கவில்லை. வெயில் முடிவதற்குள் அது முழுக்கச் சரிந்துவிட்டது. அந்த மண்ணை உருட்டி, ஈரத்துணியில் சுற்றி, நெட்டைக்கு அனுப்பிவிட்டார். நல்ல மண், வீணாகக் கூடாது என்றார். நெட்டை அதை இன்னும் பிரிக்கவில்லை.

அவர் எழுதியதைக் கீழே தருகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

"ரப்பர் கையுறை போட்டுகிட்டு இத தொடாதீங்க. தொட்ட இடம் இறுகாது, கெட்டுப்போகும். நைட்ரைல் கையுறை கேட்டு வாங்குங்க. முதல்ல சின்னதா செஞ்சு பாருங்க. நிஜத்துல எப்படி செய்யப் போறீங்களோ அப்படியே செஞ்சு பாருங்க, கையில போடுறதையும் போட்டுகிட்டு. உங்ககிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணுன்னா, தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க."

இதைப் படியெடுங்கள். உங்கள் ஊரில் சிலிகான் விற்கிற கடை எது என்று விசாரியுங்கள், போய் டப்பாவின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள். இந்த வேலை நடக்கிற பட்டறை தெரிந்தால் அங்கேயும் போங்கள், சுவரில் ஒட்டுங்கள், அங்கே இருக்கிறவர்களுக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைக்காரரோ முதலாளியோ வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.